வீட்டை ஒட்டி ஓர் அறை

"வீட்டைக் கட்டிப்பார், கல்யாணத்தைச் செய்துபார்" என்று நம் முன்னோர் சொல்லி வைத்தார்கள். பிழைப்பை நாடி வெளிமாநிலங்களுக்கு வந்து குடியேறிய தமிழர்களுள், முழு வீடு ஒன்றைத் தம் கையாலேயே கட்டிப் பார்க்கும் வாய்ப்புப் பெற்றோர் சிலரே. ஆனால் இருக்கும் வீட்டை ஒட்டி ஓர் அறையை எழுப்பிக்கொள்ளும் எண்ணம் தோன்றாத குடும்பம் அரிது. ஊரிலிருந்து தம்பி வேலை தேடி வருகிறான். தகப்பனார் காலமானபின் தாயார் தனியே இருக்க இயலாமல் வந்து சேர்கிறார். மூத்த மகனுக்குக் கல்யாணம் நிச்சயமாகிறது. இருக்கும் இடமோ ஓர் அறையும் ஒரு சமையலறையுந்தான். அப்போது கண் தானாகவே கொல்லைப்புறத்தை நாடுகிறது. நாலு கம்பு நட்டு, மேலே தகரம் போட்டு, ஒரு சாய்ப்பு இறக்கிவிட்டால் என்ன என்ற நினைப்பு எழுகிறது.

மும்பையில் வாழும் தமிழர் பேச்சிலே இதற்கென்று ஒரு சொற்கூட்டமே உண்டு. அறைக்குக் 'கோலி' என்றும், கூரைத் தகரத்துக்குப் 'பத்ரா' என்றும், அறைக்குள்ளேயே உயர அமைக்கும் மச்சுக்குப் 'போட்மாலா' என்றும் சொல்லுகிறார்கள். சொற்கள் மராத்தியிலிருந்து வந்தவை. தேவையோ எல்லா மொழியினருக்கும் பொதுவானது. இத்தகைய சிறு அறையை எங்கே கட்டலாம், எங்கே கட்டலாகாது, கட்டுவதானால் மனிதர் நோயின்றி வாழத் தக்கதாக எவ்விதம் கட்டுவது என்பதை இன்று சற்று விரிவாகப் பார்ப்போம்.

முதலில் மாட்டுங்காவை எடுத்துக்கொள்வோம். அங்குள்ள கட்டடங்களைச் சுற்றி நாற்புறமும் விட்டிருக்கும் திறந்த இடம் ஏதோ தற்செயலாக மிஞ்சியது என்று பலரும் எண்ணுகிறார்கள். உண்மை அதுவன்று. 1896-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் பம்பாயின் மாண்ட்வி பகுதியில் பிளேக் நோய் கண்டது. அதை முதலில் இன்னதென்று கண்டறிந்து கூறியவர் டாக்டர் அகாசியோ வியேகாஸ். காற்றும் வெளிச்சமும் புகாத நெருக்கமான வீடுகளில் அந்நோய் பேயாட்டம் ஆடியது. அதன் விளைவாக 1898-இல் பம்பாய் நகர அபிவிருத்தி டிரஸ்ட் என்ற ஸ்தாபனம் ஏற்பட்டது. தாதர், மாட்டுங்கா, வடாலா, சயான் ஆகிய பகுதிகளில் வயலும் சதுப்புமாய்க் கிடந்த நிலத்தைத் திருத்தி, மனை வகுத்து, சாலையிட்டு, புதிய குடியிருப்பை அமைக்கும் திட்டத்தை அந்த டிரஸ்டே மேற்கொண்டது. பின்னாளில் தென்னிந்தியர் பெருவாரியாக வந்து குடியேறியது இந்த மாட்டுங்காவிலேதான். தென்னிந்தியக் கல்விச் சங்கம் 1932-இல் தோன்றியதும் இங்கேதான்.

அந்த டிரஸ்டின் தலைவராயிருந்த ஜே. பி. ஆர் என்ற அதிகாரி, 1912-இல் பம்பாய் வீடுகளின் காற்றையும் வெளிச்சத்தையும் பற்றி ஒரு சொற்பொழிவு ஆற்றினார். அதில் அவர் வற்புறுத்தியது 63½ பாகை விதி எனப்படும். பெயர் பயமுறுத்தினாலும் கணக்கு எளிது. ஓர் அறையின் வெளிச்சுவர் அடியிலிருந்து 63½ பாகைச் சாய்வில் மேல்நோக்கி ஒரு கோடு இழுத்தால், அது எதிரிலுள்ள கட்டடத்தின் உச்சியில் இடிபடாமல் ஆகாயத்தை அடைய வேண்டும். அதாவது, எதிர்க் கட்டடத்தின் உயரத்தில் பாதியளவாவது இடைவெளி வேண்டும். எதிரே 40 அடி உயரக் கட்டடம் நின்றால் நடுவே 20 அடி திறந்திருக்க வேண்டும்.

இப்போது அந்த 20 அடியில் 10 அடி அகலத்துக்கு ஓர் அறை எழுப்புவதாக வைத்துக்கொள்ளுங்கள். மிச்சம் 10 அடி. புதிய அறையின் ஜன்னலுக்கு முன்னால் 40 அடிச் சுவர், வெறும் பத்தடித் தூரத்தில் நிற்கும். ஆகாயம் தெரிய வேண்டுமானால் 76 பாகை நிமிர்ந்து பார்க்க வேண்டும்! அந்த அறையில் பகலிலும் விளக்கு எரியும். பின்னால் மறைபட்டுப்போன பழைய அறையோ முற்றிலும் இருண்டுவிடும். ஓர் அறை சேர்க்கப் போய் இரண்டு அறைகள் கெடுகின்றன. காசநோய் போன்ற, காற்றின் வழியே பரவும் நோய்களுக்கு நெருக்கமும் அடைத்த காற்றும் எத்துணை உதவி என்பது வைத்தியர்கள் அறிந்த விஷயம். அந்தத் திறந்த இடம் வீண் இடமன்று. பிளேக்கில் மாண்டவர்களின் பேரால் நமக்குக் கிடைத்த மூச்சு.

சட்டமும் இதற்குக் குறுக்கே நிற்கிறது. 1888-ஆம் ஆண்டின் மும்பை மாநகராட்சிச் சட்டப்படி, புதிதாகக் கட்டவும் இருப்பதை விரிக்கவும் முன்கூட்டி அறிவித்து அனுமதி பெற வேண்டும். பெறாமல் கட்டினால் 351-ஆம் பிரிவின் கீழ்க் காரணம் கேட்டு நோட்டீசு வரும். தகுந்த காரணம் காட்டாவிடில் இடிக்கப்படும். வாடகைக்குக் குடியிருப்போர் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். 1999-ஆம் ஆண்டின் மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில், வீட்டுச் சொந்தக்காரரின் எழுத்து மூலமான சம்மதமின்றி நிலையான கட்டுமானம் எழுப்பும் குடித்தனக்காரரைக் காலி செய்விக்க வழியிருக்கிறது. தலைமுறை தலைமுறையாகப் பழைய வாடகையில் இருந்து வரும் வீட்டை, தகரக் கொட்டகை ஒன்றுக்காக இழந்து நிற்பது எவ்வளவு பரிதாபம்! ஆனால் அதே சட்டம், தேவையான மாநகராட்சி அனுமதியுடன் அமைக்கும் மரத் தடுப்பு, சமையல் மேடை, பொய்க்கூரை, காற்றுக்கான ஜன்னல் முதலியவற்றை நிலையான கட்டுமானமாகக் கருதுவதில்லை. ஆகவே மாட்டுங்கா போன்ற இடங்களில் வெளியே நீட்டுவதைக் காட்டிலும், உள்ளேயே மரத் தடுப்பால் இடத்தைப் பகுத்துக்கொள்வதே அறிவுடைமை.

மாட்டுங்காவிலிருந்து ரெயில் பாதையைக் கடந்தால் தாராவி. அங்கே கதை வேறு. மீட்டி ஆற்றை ஒட்டிய சதுப்பு நிலத்தில் கோலி மீனவர்கள் வாழ்ந்த ஊர் அது. பின்னர் சௌராஷ்டிரத்திலிருந்து குயவர்களும், திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடுவோரும் உழைப்பாளரும் வந்தார்கள். யாரும் அவர்களுக்கு மனை வகுத்துக் கொடுக்கவில்லை. இடிந்த கட்டடங்களின் செங்கல்லையும் குப்பையையும் கொட்டிச் சேற்றை மேடாக்கி, அதன்மேல் மூங்கிலும் சாக்கும் கொண்டு குடிசை போட்டார்கள். கையில் காசு சேரச் சேரச் சாக்கு தகரமாயிற்று, தகரம் செங்கல்லாயிற்று, செங்கல்லின்மேல் போட்மாலா ஏறிற்று. ஒரே நாளில் கட்டிய வீடு அங்கு இல்லை. இருபது முப்பது வருஷத்துச் சேமிப்புத்தான் சுவராக நிற்கிறது.

அத்தகைய வீடுகளுக்குப் பத்திரம் போலப் பயன்படுவது காகிதச் சான்றுகளே. 1971-இல் மகாராஷ்டிரக் குடிசைப் பகுதிச் சட்டம் வந்தது. 1976-இல் குடிசைகளைக் கணக்கெடுத்துப் புகைப்பட அடையாளச் சீட்டுகள் வழங்கினார்கள். 1985-இல் சுப்ரீம் கோர்ட்டு, ஓல்கா டெல்லிஸ் வழக்கில், பிழைக்கும் உரிமை உயிர் வாழும் உரிமையில் அடங்கும் என்று கூறிற்று. ஆனால் உரிய முறைப்படி அறிவித்து அகற்றுவதைத் தடுக்கவில்லை. பின்னர் வந்த மறுவாழ்வுத் திட்டங்களிலே, 2000-ஆம் ஆண்டு ஜனவரி 1-ஆம் தேதிக்கு முன்பிருந்தே குடியிருப்பதைக் காட்டுவோருக்கு இலவச வீடு என்பது விதி. மேல் மாடியில் குடியிருப்போருக்கு அதே உரிமை கிட்டுவதில்லை. ஆகவே புதிதாகச் சேர்த்த அறையையோ மச்சையோ நம்பி, நாளை அதற்கெனத் தனி வீடு கிடைக்கும் என்று கடன் வாங்கிச் செலவிடுவது தவறு. பழைய மின்கட்டண ரசீது, ரேஷன் அட்டை, வாக்காளர் பட்டியல் நகல் ஆகியவற்றை மழையில் நனையாமல் காப்பது, புதுச் சுவர் எழுப்புவதைவிட முக்கியம்.

சரி, சொந்த மனையும் அனுமதியும் உள்ளவர் ஒரு சிறு அறை கட்டுவதானால் எவற்றைக் கவனிக்க வேண்டும்? நம் தேசியக் கட்டட விதித்தொகுப்பு சொல்லும் அளவுகளை முதலில் பார்ப்போம். குடியிருக்கும் அறை 9.5 சதுர மீட்டர், அதாவது ஏறக்குறைய 102 சதுர அடியாவது இருக்க வேண்டும். அகலம் 2.4 மீட்டருக்கும், உயரம் 2.75 மீட்டருக்கும் குறையலாகாது. ஈரமும் வெப்பமும் மிகுந்த ஊர்களில் ஜன்னல் பரப்பு தரைப் பரப்பில் ஆறில் ஒரு பங்கு வேண்டும். நம் 102 சதுர அடி அறைக்கு மூன்றடிக்கு மூன்றடியாக இரண்டு ஜன்னல்கள் போதும். அவ்விரண்டையும் ஒரே சுவரில் வைக்காமல் எதிரெதிர்ச் சுவர்களிலோ, அடுத்தடுத்த சுவர்களிலோ வைத்தால்தான் காற்று உட்புகுந்து வெளியேறும். ஒரு வழி மட்டும் உள்ள அறையில் காற்று நன்றாக ஓடுவதில்லை.

அடுத்தது அடித்தளம். பழைய வீட்டின் அஸ்திவாரத்தை ஒட்டித் தோண்டும்போது, அதன் அடிமட்டத்துக்குக் கீழே போகலாகாது. போனால் பழைய சுவர் இறங்கும். புதிய கூரையின் பாரத்தைப் பழைய சுவரின்மேல் ஏற்றாமல், தனித் தூண்களிலோ தனிச் சுவரிலோ நிறுத்துவது நலம். தரைமட்டம் சுற்றுப்புறத்தைவிட 45 சென்டிமீட்டராவது உயர்ந்திருக்க வேண்டும். 2005-ஆம் ஆண்டு ஜூலை 26-ஆம் தேதி சாந்தாகுருசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்ததை மும்பை மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். தாழ்வான பகுதிகளில் 45 சென்டிமீட்டரும் போதாது. அக்கம்பக்கத்துச் சுவர்களில் அன்று வெள்ளம் ஏறிய மட்டத்தை விசாரித்து உயர்த்துவது நல்லது.

சுவருக்குச் செங்கல்லே சிறந்தது. கேரளத்தில் லாரி பேக்கர் என்ற கட்டடக் கலைஞர் பரப்பிய முறை ஒன்று உண்டு. செங்கல்லைப் படுக்க வைக்காமல் பக்கவாட்டில் நிறுத்தி, நடுவே பொள்ளல் விட்டுக் கட்டுவது அது. எலிப்பொறிக் கட்டு என்பார்கள். செங்கல் நாலில் ஒரு பங்கு மிச்சமாகிறது; நடுவிலுள்ள காற்று வெப்பத்தைத் தடுக்கிறது. இம்முறை அறிந்த கொத்தனார் கிடைத்தால் விட வேண்டாம்.

கூரையிலேதான் பெரும்பாலோர் ஏமாறுகிறார்கள். ஆஸ்பெஸ்டாஸ் தகட்டை மலிவென்று வாங்கலாகாது. எல்லா வகை ஆஸ்பெஸ்டாசும் புற்றுநோய் உண்டாக்கவல்லவை என்று உலகச் சுகாதார ஸ்தாபனம் கூறுகிறது. பழைய தகட்டை அறுப்பதும் துளையிடுவதும் அதன் தூளைச் சுவாசிப்பதும் பேராபத்து. அலைத் தகரம் போடுவதானால், ஒரு தகட்டின் ஓரம் அடுத்ததன் மேல் ஒன்றரை அலையாவது ஏறியிருக்கட்டும். ஆணியை அலையின் மேட்டில் அடிக்க வேண்டும். பள்ளத்தில் அடித்தால் ஓடும் நீர் முழுவதும் அந்தத் துளையைத் தேடி வரும். தகரத்தின்மேல் வெள்ளைச் சுண்ணாம்பு பூசி, கீழே ஒரு சாண் இடைவெளி விட்டு மூங்கில் பாய் கட்டினால் வெயிலின் கொடுமை தணியும். பழைய சுவரும் புதுக் கூரையும் சேரும் இடத்தில், சுவரில் ஒரு காடி வெட்டித் தகரப் பட்டையைச் செருகிப் பூச வேண்டும். ஒழுக்கு முதலில் தலைகாட்டும் இடம் அதுவே.

மும்பையில் ஆண்டுக்கு ஏறக்குறைய 2,200 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. 100 சதுர அடிக் கூரையின்மேல் மட்டும் வருஷத்தில் இருபதாயிரம் லிட்டர் நீர் விழும். அந்நீர் எங்கே போகும் என்று தீர்மானிக்காமல் கூரை போட்டால், அது அண்டை வீட்டுச் சுவரில் போய் விழும். உறவும் அதோடு போகும்.

உயிருக்கே உலை வைக்கும் விஷயங்கள் சில. அடைத்த சிறு அறையில் கரி அடுப்பு மூட்டுவதும், கேஸ் கீசர் வைப்பதும் கூடாது. அவற்றிலிருந்து எழும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு மணமில்லை. உறங்குவோர் உறக்கத்திலேயே மாய்வர். சிலிண்டரில் வரும் சமையல் வாயுவோ காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில் தங்கும். எனவே அடுப்புள்ள அறையில் தரையை ஒட்டியும் ஒரு காற்றுத் துளை வேண்டும். தகரக் கூரையின் கீழ் மின்கம்பி இழுக்கும்போது குழாய்க்குள் இழுத்து, 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே இணைப்பைத் துண்டிக்கும் பாதுகாப்புச் சுவிட்சைப் பொருத்துங்கள். மழைக்கால இரவில் ஈரத் தகரத்தைத் தொட்டவர் பிழைப்பது அதைப் பொறுத்தது.

ஊரிலுள்ள பூர்விக வீட்டின் கொல்லையில், விடுமுறைக்கு வந்து தங்கவோ ஓய்வுக்காலத்தைக் கழிக்கவோ ஒரு சிறு வீடு கட்ட நினைப்போருக்கும் இவை யாவும் பொருந்தும். தமிழ்நாட்டில் 2024-இல் சுயசான்று முறை ஒன்று வந்தது. 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை கட்டும் குடியிருப்புக்கு இணைய வழியாகவே அனுமதி பெறலாம். ஆனால் கொல்லை நிலம் பங்காளிகளுக்குப் பொதுவாயிருந்தால், முதலில் பாகப் பிரிவினை, பிறகுதான் அஸ்திவாரம். அயலூரில் ஈட்டிய பணத்தைப் பொது நிலத்தில் புதைத்துவிட்டுக் கோர்ட்டு வாசலில் நிற்கும் நிலை வேண்டாம்.

நேயர்களே, வந்தவருக்கு இடம் கொடுப்பது நம் பண்பு. பாயை நகர்த்திப் போட்டு உறவினருக்கு ஒரு மூலை ஒதுக்கிய குடும்பங்களாலேதான் தமிழர் இந்நகரங்களில் வேர் ஊன்றினார்கள். அந்த மூலை ஓர் அறையாக வளரும்போது, அது காற்று வரும் அறையாகவும், சட்டம் இடிக்க முடியாத அறையாகவும், அண்டை வீட்டாரின் வெளிச்சத்தை மறைக்காத அறையாகவும் இருக்கட்டும். அளவுகோலை எடுக்குமுன் அனுமதிக் காகிதத்தை எடுங்கள். தகரம் வாங்குமுன் ஜன்னல் எங்கே என்று முடிவு செய்யுங்கள். அந்த அறையில் தங்கப்போகிறவர் உங்கள் தாயாராகவோ தம்பியாகவோ இருப்பார் என்பதை மட்டும் மறவாதிருங்கள்.