புதுச் செருப்பு கடிக்கிறதா?

தாமிரபரணிப் பாசனத்தில் பிசான நடவு வேலைகள் தீபாவளியையொட்டி மும்முரமாக இருக்கும். அப்போது வாங்கும் புதுத் தோல் செருப்பு கடித்துப் புண்ணான காலுடன் வயலில் இறங்குவது ஆபத்து. எலிச் சிறுநீர் கலந்த சேற்றுநீரிலுள்ள கிருமி, புண் வழியே புகுந்து எலிக்காய்ச்சலை உண்டாக்கலாம்.

எனவே, செருப்பை முன்கூட்டியே பழக்கிக்கொள்ள வேண்டும். வாரின் உட்புறம் இரவில் விளக்கெண்ணெய் தடவி, காலையில் துடைத்துவிடவும். இறுக்கமாயிருந்தால் பழந்துணியைத் திணித்து நிழலில் வைக்கவும். வெயிலில் வைத்தால் தோல் வெடித்துவிடும். பிறகு சில நாட்கள் வீட்டுக்குள்ளேயே தினமும் அரை மணி நேரம் போட்டு நடந்தால் தோல் இளகிக் கொடுக்கும். பிளாஸ்டிக் செருப்பு எண்ணெய்க்கு இளகாது; அளவு பார்த்தே வாங்க வேண்டும்.

கொப்புளத்தை உடைக்கக் கூடாது. புண் ஆறும்வரை சேற்றில் இறங்காதிருப்பது நல்லது. நீரிழிவு நோயாளிகள் தாமதிக்காமல் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்ட வேண்டும்.