விண்ணில் என்ன வெளிச்சம்? – 9
அன்னாசித் தோட்டத்து இரட்டை விளக்கு

2025 ஆகஸ்டு 12, செவ்வாய்க்கிழமை. காலை ஆறு மணிக்குப் புலனத்தில் இரண்டு படங்கள் வந்து விழுந்தன. அனுப்பியவன் பெக்கான் நானாஸில் இருக்கும் என் உறவினர் மகன். முதல் படத்தில் கறுத்த வானம், அதன் அடியில் அன்னாசிச் செடிகள் ரம்பப் பல்லாக நீண்டு கிடந்தன. வானத்தில் ஒரே ஒரு வெள்ளைப் பொட்டு. இரண்டாவது படம் பெரிதாக்கி எடுத்தது. அதில் ஒரு பொட்டு இரண்டாகியிருந்தது: வலப்பக்கம் பெரியது, இடப்பக்கம் சிறியது. கூடவே ஒரு குரல் பதிவு.

“மாமா, இது டிரோன்தானே? ரெண்டு லைட்டு போட்டுக்கிட்டு அசையாம நிக்குது. மோட்டார எடுத்தா கூடவே வருது.”

அவன் குரலில் இருந்த படபடப்பு எனக்குப் புரிந்தது. சிங்கப்பூரின் துவாஸ் பக்கம் வேலைக்குப் போகிறவன். இரண்டாவது பாலத்தைக் கடக்க வேண்டும் என்பதால் விடியுமுன்னே கிளம்பிவிடுவான். ஆளில்லாத சாலை, முன்னால் எல்லை, தலைக்கு மேல் ஓர் அந்நிய வெளிச்சம். யாருக்கும் வயிறு கலங்கும்.

பெக்கான் நானாஸ் என்ற பெயரே ‘அன்னாசிச் சிறுநகர்’ என்றுதான் பொருள்படும். பொந்தியான் மாவட்டத்தின் கரிச்சதுப்பு மண்ணில் அன்னாசி நன்றாக விளையும். அன்னாசிக்கென்று ஓர் அருங்காட்சியகமே அங்கே இருக்கிறது. வானம் பார்க்கிறவனுக்கு அந்த ஊரில் இன்னொரு வசதியும் உண்டு. ஜொகூரில் பெரும்பாலான இடங்களில் செம்பனை மரங்கள் அடிவானத்தை மறைத்துவிடும். அன்னாசிச் செடியோ இடுப்பளவுதான். அதன் ஓரத்தில் நின்றால், உதிக்கிற எதையும் அது தரையை விட்டு எழும் நேரத்திலிருந்தே பார்க்கலாம். செம்பனைக் காட்டுச் சாலையில் போயிருந்தால் அவன் இதைக் கவனித்திருக்கவே மாட்டான்.

படத்தை மட்டும் வைத்துக்கொண்டு பதில் சொல்லக் கூடாது என்பது இந்தத் தொடரில் நான் திரும்பத் திரும்பச் சொல்லி வருவது. கறுப்புப் பின்னணியில் ஒரு வெள்ளைப் பொட்டு எதுவாகவும் இருக்கலாம். கைப்பேசிக் கேமரா இருட்டில் ஒளியைச் சேர்த்துச் சேர்த்து ஒரு புள்ளியை உருண்டையாக வீங்க வைத்துவிடும். பெரிதாக்கினால் அது வட்டத் தட்டுப் போலத் தெரியும், துடிக்கிற மாதிரியும் இருக்கும். அந்த வட்டம் வானத்தில் இல்லை. குவியம் பிடிக்கத் தடுமாறும் லென்சு அதை உண்டாக்குகிறது. அதனால் படத்தின் அழகை விட்டுவிட்டு அவனிடம் நான்கு கேள்விகள் கேட்டேன். எத்தனை மணி? எந்தத் திசை? எவ்வளவு உயரம்? எவ்வளவு நேரம் பார்த்தாய்?

மணியை அவன் நினைவிலிருந்து சொல்ல வேண்டாம், மூலப் படத்தின் விவரத்தைத் திறந்து பார் என்றேன். புலனத்தில் அனுப்பும்போது படம் சுருங்குவதோடு அதற்குள் பதிந்திருக்கும் நேரமும் இடமும் உதிர்ந்துவிடும். கைமாறிக் கைமாறி வரும் ‘மர்ம வெளிச்ச’ப் படங்கள் பலவற்றைக் கண்டுபிடிக்க முடியாமல் போவதற்கு இதுதான் காரணம். மூலப் படத்தில் 5.41 என்றிருந்தது. திசை, கிழக்கிலிருந்து கொஞ்சம் வடக்கே தள்ளி. உயரத்துக்குக் கையை நீட்டி முஷ்டியை அடிவானத்தில் வைத்து அளக்கச் சொல்லிக் கொடுத்திருந்தேன். ஒரு முஷ்டி சுமார் பத்துப் பாகை. “ஒரு முஷ்டிக்குக் கொஞ்சம் மேல மாமா” என்றான்.

உண்மையைச் சொல்கிறேன், என் முதல் சந்தேகம் விமானத்தின் மேல்தான் இருந்தது. பெக்கான் நானாஸிலிருந்து வடகிழக்கே இருபது கிலோமீட்டர் சொச்சத்தில் செனாய் விமான நிலையம் இருக்கிறது. நம்மை நோக்கி நேராக வருகிற விமானத்தின் முன்விளக்கு சில நிமிடங்களுக்கு அசையாமல்தான் தெரியும். ஆனால் அவன் கால்மணி நேரத்துக்கு மேல் பார்த்திருக்கிறான். விமானம் அத்தனை நேரம் நிற்காது. விண்வெளி நிலையமும் இல்லை, அது வானத்தைக் கடக்க நாலைந்து நிமிடம் போதும்.

‘கூடவே வருது’ என்று அவன் பயந்து சொன்னதுதான் எனக்குக் கிடைத்த சிறந்த துப்பு. அவன் தென்கிழக்காக கேலாங் பாத்தா பக்கம் போயிருக்கிறான். வெளிச்சம் இடப்பக்கம் அதே இடத்தில் இருந்திருக்கிறது. இருபது கிலோமீட்டர் தொலைவில் மிதக்கும் ஒரு டிரோனாக இருந்தால், அவன் குறுக்காகப் பத்து கிலோமீட்டர் ஓட்டியதும் அது இரண்டரை முஷ்டிக்கு மேல் பின்னால் நகர்ந்திருக்க வேண்டும். கொஞ்சமும் நகரவில்லை என்றால் அது பூமியைச் சேர்ந்ததே அல்ல. சின்ன வயதில் பேருந்து சன்னல் வழியே நிலா நம்மோடு ஓடி வந்ததைப் பார்த்தவர்கள்தானே நாம்?

அன்று விடியலில் கிழக்கில் இருந்தவை வெள்ளியும் வியாழனும். இரண்டும் மிதுன ராசியில் ஒன்றையொன்று நெருங்கி, ஒரு பாகைக்கும் குறைவான இடைவெளியில் நின்றன. முழு நிலவின் அகலம் அரைப் பாகை. அதாவது இரண்டு நிலவைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அந்த இடைவெளி நிரம்பிவிடும். வலப்பக்கப் பெரிய விளக்கு வெள்ளி, இடப்பக்கச் சின்னது வியாழன். வெள்ளி ஏழு மடங்கு பிரகாசம். ஆனால் அந்த நெருக்கம் நம் பார்வைக் கோட்டில் மட்டும்தான். அன்று வெள்ளி நம்மிடமிருந்து சுமார் 19 கோடி கிலோமீட்டர், வியாழன் சுமார் 88 கோடி கிலோமீட்டர். அந்தப் படத்தில் பதிந்த வெள்ளியின் ஒளி கிளம்பிப் பத்து நிமிடம்தான் ஆகியிருந்தது, வியாழனின் ஒளியோ முக்கால் மணி நேரத்துக்கு மேல் பயணம் செய்து வந்திருந்தது.

அவனுக்கு உடனே நம்பிக்கை வரவில்லை. “கோளு இவ்ளோ வெளிச்சமாவா இருக்கும்?” என்றான். அந்தக் கேள்வி எனக்கு வருத்தமாக இருந்தது. அவன் பாட்டி பால்மரம் வெட்டியவர். பெரட்டுக்கு, அதாவது விடிகாலை ஆள்கணக்குக்கு, நிற்க இருட்டோடு இருட்டாகக் கிளம்பிய நம் தோட்டத்துப் பெண்களுக்கு விடிவெள்ளி தினமும் பார்க்கும் முகம். மலாய்க்காரர்கள் பிந்தாங் கெஜோரா என்பார்கள். தோட்டத்தை விட்டு வந்த இரண்டு தலைமுறைக்குள் அந்தப் பழக்கம் நம் கையை விட்டு நழுவியிருக்கிறது.

இதில் கடிகாரத்துக்கும் பங்குண்டு. 1982 ஜனவரி 1 அன்று தீபகற்ப மலேசியாவின் கடிகாரங்கள் அரை மணி நேரம் முன்னால் தள்ளி வைக்கப்பட்டன. அதனால் ஆகஸ்டில் ஜொகூரில் சூரியன் எழ ஏழு மணி தாண்டிவிடுகிறது. வேலைக்குப் போகிறவர்களும் பள்ளிப் பேருந்துக்கு நிற்கும் பிள்ளைகளும் விடிவெள்ளி தெரியும் மாதங்களில் அதன் கீழேதான் தினமும் நடமாடுகிறார்கள். தலையைத் தூக்கினால் போதும்.

அவனை மட்டும் குறை சொல்ல முடியாது என்பதற்கு லடாக்கில் நடந்ததைச் சொல்ல வேண்டும். 2012 ஆகஸ்டு முதல் 2013 பிப்ரவரி வரை, சீன எல்லையை ஒட்டிய பாங்கோங் ஏரிப் பகுதியில் இந்திய ராணுவத்தினர் மர்ம ஒளிப்பொருள்களை 329 முறை பதிவு செய்தார்கள். அவற்றில் 155 முறை அவை எல்லைக்கோட்டைத் தாண்டின என்றும் குறித்தார்கள். சீனாவின் உளவு டிரோன்கள் என்பதுதான் சந்தேகம். கடைசியில் பெங்களூரிலுள்ள இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தைக் கேட்டார்கள். தமிழ்நாட்டின் ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகத்தை நடத்துவதும் இதே நிறுவனம்தான். லடாக்கிலேயே ஹான்லேயில் சுமார் 4,500 மீட்டர் உயரத்தில் அவர்களுக்கு இன்னொரு வானாய்வகமும் உண்டு. அவர்கள் ஆராய்ந்து சொன்ன விடை: ஒன்று வியாழன், மற்றது வெள்ளி. பெக்கான் நானாஸ் படத்தில் இருந்த அதே இருவர்!

அந்தச் சிப்பாய்களை நினைத்தால் எனக்கு மரியாதைதான் வருகிறது. உறைய வைக்கும் குளிரில் இரவு முழுக்க விழித்திருந்து, பார்த்ததை மணியோடு எழுதி வைத்திருக்கிறார்கள். அங்கே காற்று மெல்லியது, தூசி குறைவு. நம் ஊர் ஈரக்காற்றில் மங்கித் தெரியும் கோள் அங்கே விளக்குப் போல எரியும். 2012 டிசம்பர் தொடக்கத்தில் வியாழன் சூரியனுக்கு நேர் எதிரே இருந்ததால் மாலையில் எழுந்து இரவெல்லாம் நின்றது. வெள்ளி விடியலில் வந்தது. ஆக, அந்த எல்லைக் காவலர்களுக்கு ஓய்வே இல்லை. அவர்கள் எழுதி வைத்த நேரங்கள் இல்லாமல் வானியலாளர்களும் எதுவும் சொல்லியிருக்க முடியாது. டிரோனுக்கு ஒழுங்கு கிடையாது. கோளோ விண்மீன்களோடு சேர்ந்து எழுந்து சேர்ந்து நகரும், அதன் நேரத்தை முன்கூட்டியே கணக்கிட்டுவிடலாம்.

வானத்தில் தெரியும் எல்லாமே வெள்ளி என்று நான் சொல்ல வரவில்லை. 2022 ஜூலை 31 நள்ளிரவு தாண்டியதும் கூச்சிங் மக்கள் கண்டது, சீனாவின் லாங் மார்ச் 5பி ராக்கெட்டின் எரிந்து விழுந்த பாகம். அது துண்டு துண்டாகச் சிதறிக்கொண்டே வானத்தைக் கடந்தது. பார்த்தவர்கள் எடுத்த காணொளிகளில் அது ஓடியது தெளிவாகத் தெரிந்தது. அசைவே அதை அடையாளம் காட்டியது. அசையாமல் நின்றதுதான் நம் பையனின் வெளிச்சத்தைக் காட்டிக்கொடுத்தது.

நான் சொன்னதை நம்ப வேண்டாம், தினமும் அதே இடத்தில் வண்டியை நிறுத்தி ஒரு படம் எடு என்றேன். விண்மீன்களுக்கிடையே வெள்ளி நாளுக்கு ஒரு பாகைக்கு மேல் சூரியன் இருக்கும் திசையில் நகரும், வியாழனோ மெதுவாகத்தான் நகரும். பக்கத்தில் பக்கத்தில் நின்ற இரண்டும் பிரிந்து, சின்ன விளக்கு மேலேயும் பெரிய விளக்கு கீழேயும் போய்விடும் என்று முன்கூட்டியே சொல்லி வைத்தேன். 13ஆம் தேதி மழை. 15ஆம் தேதிப் படத்தில் இடைவெளி மூன்று பாகைக்கு வந்திருந்தது, வியாழன் மேலே ஏறியிருந்தது. “மாமா, சொன்ன மாதிரியே இருக்கு” என்று அன்றைக்குத்தான் சிரித்தான்.

20ஆம் தேதி விடியலில் அவன் அனுப்பிய படத்தில் மெலிந்த தேய்பிறை நிலா வியாழனுக்குப் பக்கத்தில் நின்றது, கீழே வெள்ளி. இந்த முறை கேள்வி இல்லை. குரல் பதிவில் அவன் குரலும் இல்லை, பாட்டியின் குரல்தான் இருந்தது. பேரன் அவரை விடியுமுன் எழுப்பி, மோட்டாரின் பின்னால் உட்கார வைத்து, அன்னாசித் தோட்டத்து ஓரத்துக்கே கூட்டிப் போயிருக்கிறான்.

“விடிவெள்ளிடா தம்பி. பெரட்டுக்குப் போறப்ப தெனமும் பாத்தது. மேல நிக்கிறது யாரு, அதக் கேட்டுச் சொல்லு.”