பரோடாவில் சித்திரம் பயிலும் பிள்ளைகள்

அகமதாபாத்திலிருந்து சென்னைக்குப் போகும் நவஜீவன் எக்ஸ்பிரஸ் நிற்கும் ஊர்களில் வடோதராவும் ஒன்று. அந்த ரயில் நிலையத்தில், துண்டை விரித்துத் தூங்கும் பயணிகளுக்கு எதிரே சில இளைஞர்கள் மடியில் அட்டையும் கையில் பென்சிலுமாக உட்கார்ந்திருப்பதை நம்மவர்களில் சிலர் பார்த்திருக்கக்கூடும். சந்தேகப்பட வேண்டியதில்லை. மகாராஜா சயாஜிராவ் சர்வகலாசாலையின் நுண்கலைப் பிரிவு மாணவர்கள் அவர்கள். தூங்குகிறவர் அசைய மாட்டார், கூலியும் கேட்க மாட்டார். உருவம் வரைந்து பழக இதைவிட வசதி ஏது?

வடோதரா என்று பலகை மாறிப் பல காலம் ஆகியும் நம் வாயில் பரோடாதான் வருகிறது. நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம், அந்தக் கலாசாலைக்கு. சர்வகலாசாலை ஏற்பட்டது 1949-ல். ஹன்சா மேத்தா அம்மையார் துணைவேந்தராக இருந்தபோது, 1950-ல் நுண்கலைப் பிரிவு தொடங்கிற்று. மற்றப் பாடங்களைப் போலவே சித்திரத்துக்கும் சர்வகலாசாலைப் பட்டம் என்பது அந்நாளில் புதுமை. ஓவியத்துக்கு பேந்த்ரே, சிற்பத்துக்கு சங்கோ சௌதுரி என்று நல்ல ஆசிரியர்கள் வாய்த்தார்கள்.

தமிழ் வீட்டுப் பிள்ளை

1951-ல் அங்கே ஆசிரியராக வந்து சேர்ந்தவர் கே.ஜி. சுப்பிரமணியன். 1924-ல் கேரளத்துக் கூத்துப்பறம்பில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளாதாரம் படித்துக்கொண்டிருந்தவர், 'வெள்ளையனே வெளியேறு' போராட்டத்தில் சிறை சென்றார். அரசாங்கக் கல்லூரிகளின் கதவு மூடிற்று. 1944-ல் சாந்திநிகேதன் போய் நந்தலால் போஸிடம் பயின்றார். கதவு மூடாதிருந்தால் ஒரு நல்ல குமாஸ்தா கிடைத்திருப்பாரோ என்னவோ!

லக்னோ போகிற ரயில்வேக்காரர்கள், சார்பாக் நிலையத்துக்கு எதிரே ரவீந்திராலயத்தின் சுவரைப் பார்க்கத் தவறக் கூடாது. 1963-ல் சுப்பிரமணியன் சுட்ட மண் துண்டுகளால் அமைத்த, 81 அடி நீளச் சுவர்ச் சித்திரம் அது. பரோடாவில் மாணவர்களும் ஆசிரியர்களும் சேர்ந்து நடத்திய கண்காட்சிச் சந்தைக்காக இவரே மரத்தாலும் மணியாலும் பொம்மைகள் செய்து கொடுத்ததுண்டு. அவற்றைப் பாமர மக்கள் வாங்கிப் போனார்கள். 2012-ல் பத்ம விபூஷண் கிடைத்தது. 2016-ல் பரோடாவிலேயே காலமானார்.

கரியும் காகிதமும்

சேர்வதற்குப் பன்னிரண்டாம் வகுப்புத் தேற வேண்டும். மார்க்கு மட்டும் போதாது, உட்கார்ந்து வரைந்து காட்டும் பரீட்சையும் உண்டு. உள்ளே போனதும் வர்ணத்தைக் குழைக்கலாம் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். முதலில் கரித்துண்டும் காகிதமும். பானை, செருப்பு, மடித்த துணி, பிறகு ஆள். ஒரே ஆளை நாள்கணக்கில் வரைய வேண்டும். களிமண்ணையும் பிசைய வேண்டும். ஓவியம், சிற்பம், அச்சுக்கலை, விளம்பரக் கலை என்று தனித்தனிப் பிரிவுகள் இருந்தாலும், கலை வரலாறு எல்லோரையும் விடாது. அஜந்தா முதல் மேல்நாட்டார் வரை படித்து, ஆங்கிலத்தில் கட்டுரை எழுத வேண்டும். தமிழ்வழியில் படித்துவிட்டு வருகிற பிள்ளைகள் தடுமாறுவது படத்தில் அல்ல, இந்தக் கட்டுரையில்தான்.

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து, பணிமனையில் பிட்டராக இருக்கும் ஒருவரின் மகள் இப்போது இரண்டாம் ஆண்டு. "பி.காம். படிச்சா பாங்கு பரீட்சையாவது எழுதலாம். போர்டு எழுதுறதுக்கு நாலு வருசப் படிப்பா?" என்று அவர் இன்றும் கேட்கிறார். கட்டணத்தைவிட வர்ணக் குழாயும் கான்வாஸும்தான் கையைக் கடிக்கின்றனவாம். பரிட்சைக்குக் கிழியாத தாள் வாங்க வீட்டில் ஒரு மாதச் சீட்டுப் பணம் நின்றது.

அவர் கேள்வியைத் தள்ளிவிட முடியாது. படித்து வருகிற அத்தனை பேரும் கூடத்தில் படம் மாட்டி விற்கப் போவதில்லை. பலர் விளம்பரக் கம்பெனிக்கும் துணி டிசைனுக்கும் போகிறார்கள். சிலர் பள்ளிக்கூட டிராயிங் மாஸ்டர் ஆகிறார்கள். படமே வரைந்து பிழைப்பவர் சிலரே, அதுவும் பல வருஷம் பொறுத்த பிறகு. ஆனால் பி.காம். முடித்த பிள்ளைகள் எல்லோருக்குமா பாங்கு வேலை கிடைத்துவிட்டது? கையில் வரம் உள்ள பிள்ளையை வீம்புக்குத் தடுப்பது எந்தக் கணக்கிலும் லாபமல்ல. ஒன்று மட்டும் செய்யலாம்: சேர்க்கும் முன்பே சாமான் செலவுக்கு வழி பார்த்துக்கொள்வது, ஆங்கிலம் எழுதப் பழக்குவது.

மனிதக் கையை வரைந்து வரும்படி ஒருமுறை வீட்டுப்பாடம். "அப்பா, அரை மணி நேரம் அசையாம இருங்க" என்றாள் மகள். ஷிப்டு முடிந்து வந்தவர், எண்ணெய்க் கறை போகாத விரல்களை மேஜைமேல் வைத்தார். "முகம் வேண்டாம், கை மட்டும் போட்டுக்க" என்றார்.