மாட்டு வயிற்றுக்குள் சென்சார்: நமக்குத் தேவையா?

மாங்காட்டில் நான்கு கறவை மாடு வைத்திருப்பவர் ஒருவர் சென்ற மாதம் கைப்பேசியில் ஒரு விளம்பரத்தைக் காட்டினார். "மாட்டு வயித்துக்குள்ள சென்சார் போட்டா காய்ச்சல், பருவம் எல்லாம் போன்லயே வருமாமே சார், வாங்கலாமா?" நிலமெல்லாம் மனையாகிவிட்ட ஊரில் அவருக்கு மிச்சமிருப்பது மாடுகள்தான். நான் பயிர் ஆள். கால்நடை மருத்துவ நண்பர்களிடம் கேட்டுத்தான் பதில் சொன்னேன்.

உடலுக்குள் வைக்கும் சென்சார் கற்பனை அல்ல. சர்க்கரை நோயாளிகளின் மேற்கைத் தோலுக்கடியில் பொருத்தும் சென்சாருக்கு அமெரிக்கா 2018-இல் அனுமதி தந்தது. அன்று 90 நாள் உழைத்தது, 2024-இல் ஓராண்டு உழைக்கும் வகை வந்துவிட்டது. எம்.ஐ.டி. ஆய்வகம் ஒன்று முடியைவிடப் பல்லாயிரம் மடங்கு மெலிந்த கார்பன் நானோ குழாய்களை எலியின் தோலுக்கடியில் வைத்து, ஓராண்டுக்கும் மேல் அவை வேலை செய்வதை 2013-இல் காட்டியது. அதே ஆய்வகம் 2016-இல் அக்குழாய்களைப் பசலைக்கீரை இலைக்குள்ளும் செலுத்தியது! ஆனால் அந்த நானோ சென்சார் இன்னும் நம் கொட்டகைக்கு வரவில்லை.

விளம்பரத்தில் இருந்தது மாடு விழுங்கும் 'போலஸ்'. விரல் நீளக் குப்பி போன்றது. இரண்டாம் வயிற்றில் தங்கி, வெப்பநிலையை அளந்து கொட்டகையிலுள்ள கருவிக்கு அனுப்பும். மாடு தண்ணீர் குடித்தால் வெப்பம் சட்டென இறங்கும் என்பதால், எத்தனை முறை குடித்தது என்பதும் தெரியும். மடிநோயில் பால் திரிவதற்கு முன்பே காய்ச்சல் காட்டிவிடுவது உண்டு. கன்று ஈனும் முந்தைய நாள் வெப்பம் குறையும்.

பெரிய லாபம் பருவம் கண்டறிவதில். பருவம் 12 முதல் 18 மணி நேரம்தான் நீடிக்கும், வெயில் காலத்தில் அதுவும் குறையும், பெரும்பாலும் இரவில் வந்துபோகும். தவறவிட்டால் 21 நாள் தீவனச் செலவு வீண். காலில் கட்டும் பட்டையும் உண்டு, பெங்களூருவின் ஸ்டெல்லாப்ஸ் நிறுவனம் அதைத் தருகிறது. பருவத்து மாடு அதிகம் நடக்கும் என்பது அதன் கணக்கு. கட்டிப்போட்ட மாடு எங்கே நடக்க?

இருநூறு மாட்டுப் பண்ணைக்கு போலஸ் சரி. நான்கு மாட்டுக்கும் அதே வாங்கிக் கருவி, அதே இணையம், தடையில்லா மின்சாரம் வேண்டும். அதனால் வேண்டாம் என்றேன்.

நம் புறநகருக்கு வேறொரு கவலையும் இருக்கிறது. 2019 அக்டோபரில் திருமுல்லைவாயில் பசு ஒன்றின் வயிற்றிலிருந்து 52 கிலோ பிளாஸ்டிக்கை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் அறுவை செய்து எடுத்தார்கள். வீட்டு வேலை நடக்கும் தெருவில் மேயும் மாடு கட்டுக்கம்பி, ஆணியையும் விழுங்கும். அவை தங்குவதும் அதே இரண்டாம் வயிற்றில்தான். அங்கிருந்து குத்திக்கொண்டு இதயம் வரை போகும். இதற்கென விழுங்க வைக்கும் காந்தம் உண்டு. சென்சாரைவிட மிக மலிவு. மருத்துவரிடம் கேட்டு அதை முதலில் போடுங்கள். மாட்டைத் தெருவுக்கு விடாமல் இருப்பது அதனினும் நல்லது.

காய்ச்சல் அறிய ஒரு டிஜிட்டல் வெப்பமானி போதும். ஆசனவாயில் வைத்தால் 101.5 டிகிரி பாரன்ஹீட் அளவில் இருக்க வேண்டும். ஈன்ற முதல் பத்து நாள் காலை மாலை பார்த்து நோட்டில் எழுதுங்கள். மடிநோய்க்கு, 100 மில்லி தண்ணீரில் 3 கிராம் துணி துவைக்கும் தூள் கலந்து, காம்பு வாரியாகக் கறந்த பாலுடன் சம அளவு சேர்த்துச் சுழற்றுங்கள். கூழாகத் திரண்டால் அந்தக் காம்பில் நோய் தொடங்கிவிட்டது. பருவம் பார்க்க, படுக்கப் போகுமுன்னும் விடியலிலும் கால் மணி நேரம் கொட்டகையில் நில்லுங்கள். காலையில் பருவம் தெரிந்தால் மாலையில் சினை ஊசி.

பருவத்துக்கே வராத மாட்டுக்கு, கருவழியில் சில நாள் வைத்து ஹார்மோனை மெல்லக் கசியவிடும் சாதனம் நம் மருத்துவர்களிடமே உண்டு. விவரங்களுக்குக் காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகலாம். பூந்தமல்லிச் சாலையில் உள்ள காட்டுப்பாக்கம் என்று நினைத்து அலைய வேண்டாம், இது பொத்தேரி பக்கம்.