அட்டையில் துளை, பட்டில் பூ

காஞ்சிபுரத்துப் பட்டுத்தறிகளைப் பார்த்தவர்கள், தறியின் மேலே சங்கிலியாகத் தொங்கும் அட்டைகளைக் கவனித்திருப்பார்கள். ஒவ்வோர் அட்டையிலும் சிறுசிறு துளைகள் இருக்கும். சேலையின் கரையிலும் முந்தானையிலும் மயிலும் மாங்காயும் தோன்ற இத்துளைகள் வழிசெய்கின்றன. ஜக்கார்டு எனப்படும் இம்முறை, இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே பிரான்சு நாட்டின் லியோன் நகரில் உருவானது.

லியோன் 16ஆம் நூற்றாண்டு முதல் பட்டு நெசவுக்குப் பெயர்பெற்ற நகரம். துணியில் நீளவாட்டில் செல்வது பாவு நூல். குறுக்கே செல்வது ஊடை நூல். பட்டில் பூ வேலைப்பாடு அமைய வேண்டுமானால், ஊடை செல்லும் ஒவ்வொரு முறையும் குறிப்பிட்ட சில பாவு நூல்கள் மட்டும் உயர வேண்டும். பழைய தறிகளில், பாவு நூல்களோடு பிணைக்கப்பட்ட கயிறுகளை உதவியாளர் ஒருவர் இழுத்துப் பிடிப்பார். சிறுவர்களும் பெண்களுமே பெரும்பாலும் இவ்வேலையைச் செய்தனர். கனமான கயிறுகளை நாள் முழுவதும் இழுத்ததால் அவர்களின் உடல் நலிந்தது. கயிறு மாறினால் பூவும் சிதைந்துவிடும்.

நெசவாளர் குடும்பத்தில் 1752இல் பிறந்த ஜோசப் மரி ஜக்கார்டு இந்நிலையை மாற்றினார். தமக்கு முன் சிலர் செய்த முயற்சிகளை மேம்படுத்தி, 1804இல் புதிய கருவியை உருவாக்கினார். அதில் ஒவ்வோர் ஊடை வரிசைக்கும் ஓர் அட்டை உண்டு. ஊசிகள் அந்த அட்டையின்மீது மோதும். துளை உள்ள இடத்தில் ஊசி உள்ளே நுழையும். அதனோடு இணைந்த கொக்கி, பாவு நூலை மேலே தூக்கும். துளை இல்லாத இடத்தில் ஊசி பின்னுக்குத் தள்ளப்படும், நூல் உயராது. மிதிகட்டையை மிதித்து, ஒரே நெசவாளர் பூ வேலைப்பாட்டை நெய்ய முடிந்தது.

கயிறு இழுக்கும் துன்பம் நீங்கியது. ஆனால், அவ்வேலையை நம்பி வாழ்ந்தவர்கள் பிழைப்பை இழந்தனர். நெசவாளர்களின் சுமையும் முழுமையாகக் குறையவில்லை. 'கனூ' என அழைக்கப்பட்ட அவர்கள், குரோவா ரூஸ் குன்றில் குடும்பத்தோடு வசித்தனர். உயரமான புதிய தறிகளுக்காக அங்குள்ள வீடுகளின் கூரை ஏறத்தாழ 4 மீட்டர் உயரத்தில் அமைக்கப்பட்டது. வீடே பட்டறை. தறி நெசவாளருடையது, பட்டு நூலைத் தருபவரும் நெய்த துணிக்குக் கூலியை முடிவுசெய்பவரும் வணிகரே.

கூலி குறைந்துகொண்டே வந்ததால், குறைந்தபட்சக் கூலியை உறுதிசெய்யுமாறு கனூக்கள் கேட்டனர். 1831 அக்டோபரில் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. வணிகர் சிலர் அதை ஏற்க மறுத்ததால், நவம்பரில் நெசவாளர்கள் கிளர்ந்தெழுந்தனர். சில நாள்கள் நகரமே அவர்கள் கையில் இருந்தது. பலர் உயிரிழந்தனர். பின்னர்ப் படை நகருக்குள் நுழைந்தது, உடன்பாடும் நீக்கப்பட்டது. எனினும், உழைப்புக்கேற்ற ஊதியம் வேண்டும் என்ற அவர்களின் குரல் தொழிலாளர் வரலாற்றில் நிலைத்துவிட்டது.

எந்த நூல் உயர வேண்டும் என்பதை அட்டை முடிவுசெய்யும். கருவியால் கிடைக்கும் பயனை எவ்வாறு பகிர்ந்துகொள்வது என்பதை மனிதர்கள்தாம் முடிவுசெய்ய வேண்டும். புதிய கருவிகள் நம் வேலைகளை மாற்றிவரும் இக்காலத்திலும் கனூக்களின் வரலாறு நாம் அறிய வேண்டிய ஒன்றாகும்.