தாத்தாவோட தங்க வாட்ச்: எடைக்குப் போடறதுக்கு முன்னாடி

தங்கம்னா நமக்கு 916தான். அதனாலேயே, ஊர் வீட்டைக் காலி பண்ணும்போது பீரோ லாக்கரிலிருந்து ஒரு பழைய தங்க வாட்ச் வெளியே வந்து, அதன் பின்னால் 750 என்றோ 375 என்றோ இருந்தால், "மட்டத் தங்கம்பா, எடைக்குப் போட்டுடலாம்" என்று யாராவது ஒருத்தர் சொல்லிவிடுகிறார். கடைக்காரர் கண்ணாடியையும் மிஷினையும் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, கேஸை மட்டும் தராசில் போடுவார். அது உருகிப் போனபிறகு அந்த வாட்ச் என்னவாக இருந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் 'பழைய தங்கம் வாங்குகிறோம்' என்று போர்டு மாட்டிய கடைகளிலும் பெரும்பாலும் இதே கதைதான்.

முதலில் அந்த 750. அது மட்டம் இல்லை. 22 காரட் தங்கம் மிருது. தினமும் கையில் இடிபடுகிற வாட்ச் கேஸுக்கு அது தாங்காது. அதனால் சுவிஸ்காரர்கள் 18 காரட்டில் செய்தார்கள்; 0.750 என்றால் அதுதான். கூடவே பொடியாக ஒரு பெண் தலை முத்திரை இருக்கும். 14 காரட் என்றால் 0.585, பக்கத்தில் ஒரு அணில். 1995க்குப் பிறகு இரண்டுக்கும் பொதுவாக செயின்ட் பெர்னார்ட் நாயின் தலை. எனவே பெண் தலையோ அணிலோ இருந்தாலே வாட்ச் அதற்கு முந்தையது. இவை பின்மூடியின் உள்பக்கமோ, ஸ்ட்ராப் மாட்டும் கொம்புகளின் அடியிலோ இருக்கும். போனில் படம் எடுத்துப் பெரிதாக்கினால் போதும், பூதக்கண்ணாடிகூட வேண்டாம்.

375 என்றால் 9 காரட், பெரும்பாலும் இங்கிலாந்து கேஸ். நங்கூரம் இருந்தால் பர்மிங்ஹாம், சிறுத்தைத் தலை இருந்தால் லண்டன். பக்கத்தில் உள்ள ஒற்றை எழுத்து முத்திரையிட்ட ஆண்டைச் சொல்லும். உள்ளே சுவிஸ் மிஷின், வெளியே இங்கிலீஷ் கேஸா, அப்ப டூப்ளிகேட்டா என்று பயப்படாதீங்க. பர்மிங்ஹாமின் டென்னிசன் கம்பெனி ஒமேகாவுக்கும் ரோலெக்ஸுக்கும் கேஸ் செய்து கொடுத்தது.

அடுத்து, தங்கம் மாதிரி இருப்பவை. 'கோல்ட் ஃபில்டு' என்று இருந்தால் மட்டமான உலோகத்தின்மேல் தங்கத் தகட்டை அழுத்தி ஒட்டியது. '20 மைக்ரான்' என்றால் முலாம். பின்மூடியில் 'ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பேக்' என்று இருந்தால் முன்பக்கமும் அநேகமாக முழுத்தங்கம் இல்லை. அமெரிக்காவில் அதிகம் கிடைக்கும் புலோவாவில் நிறைய கோல்ட் ஃபில்டுதான். ஆனால் அதில் ஒரு வசதி: பின்மூடியில் எல்5 என்று இருந்தால் 1955, எம்2 என்றால் 1962. இவ்வளவு சுலபமாக வயசைச் சொல்லும் வாட்ச் வேறு இல்லை என்பேன்.

ஒமேகாவில் கொஞ்சம் மெனக்கெட வேண்டும். 1952ல் வந்த கான்ஸ்டலேஷன் மாடலை எடுத்துக்கொள்ளுங்கள். பின்மூடியில் ஒரு வானியல் ஆய்வுக்கூடமும் எட்டு நட்சத்திரங்களும் இருக்கும். அதே மாடல் முழுத் தங்கத்திலும் வந்தது, எஃகின்மேல் தங்கம் போர்த்தியும் வந்தது, வெறும் எஃகிலும் வந்தது. எனவே பின்மூடியைத் திறந்து உள்பக்க முத்திரையைப் பார்த்தால்தான் விஷயம் தெரியும். மிஷின்மேல் உள்ள 8 இலக்க எண் 14 என்று தொடங்கினால், 1950களின் நடுப்பகுதி. திறக்கிற வேலையை வாட்ச் ரிப்பேர்காரரிடம் விடுங்கள், கத்தி முனையை வைத்து நெம்ப வேண்டாம். இருட்டில் ஒளிரும் முள் உள்ள பழைய வாட்சுகளில் ரேடியம் பூச்சு இருக்கலாம். அதைச் சுரண்டவே கூடாது.

பாலிஷும் போடாதீங்க. கேஸின் கூரான விளிம்புகள் மழுங்கும், முத்திரை தேயும். மங்கிய டயலுக்குப் புதுசாகப் பெயின்ட் அடிப்பது நம்ம ஊரில் சகஜம். ஆனால் சேகரிப்பவர்கள் கறை படிந்த அசல் டயலுக்குத்தான் காசு கொடுப்பார்கள். பளபளப்பு நமக்குத்தான் பெரிசு, அவர்களுக்கு இல்லை.

சரி, என்ன விலை? தங்கக் கணக்கு எளிது. ஸ்ட்ராப், கண்ணாடி, மிஷின் எல்லாம் நீக்கி 18 காரட் கேஸ் 12 கிராம் என்றால், அதில் சுத்தத் தங்கம் 9 கிராம். வாட்சின் விலை அதற்குக் கீழே போகாது, அவ்வளவுதான் அந்தக் கணக்கின் பயன். மேலே எவ்வளவு என்பதை பிராண்டும் மாடலும் நிலைமையும்தான் தீர்மானிக்கும். 2019ல் ஜெனீவா ஏலத்தில் ஒரு பட்டேக் பிலிப் கைக்கடிகாரம் 3.1 கோடி சுவிஸ் ஃபிராங்குக்குப் போனது. அதன் கேஸ் எஃகு!

அண்ணன் தம்பி, அக்கா தங்கைக்குள் பாகம் பிரிக்கும்போதுதான் சிக்கல் வரும். இன்சூரன்ஸுக்காக எழுதும் மதிப்பு, அதேபோல் ஒன்றைக் கடையில் வாங்க ஆகும் செலவு. வழக்கமாக அது அதிகமாகவே இருக்கும். விற்றால் அவ்வளவு கையில் வராது. அந்தத் தொகையை வைத்து ஒருத்தர் இன்னொருத்தருக்குப் பணம் கொடுத்தால், வாட்சை வைத்துக்கொள்பவருக்கு நஷ்டம். கடைக்காரர் வாங்கச் சொல்லும் விலையில் பிரித்தாலோ மற்றவர்களுக்கு நஷ்டம். அதனால் மதிப்பீடு கேட்கும்போதே 'சந்தை விலை வேண்டும், பாகப் பிரிவினைக்கு' என்று சொல்லி எழுத்தில் வாங்குங்கள். மதிப்பிடுகிறவரே வாங்கவும் தயாராக இருந்தால் வேறு ஆளைப் பாருங்கள். மதிப்பில் இத்தனை சதவீதம் என்று கட்டணம் கேட்பவரும் வேண்டாம். கிறிஸ்டீஸ், சதபீஸ், பான்ஹாம்ஸ் போன்ற ஏல நிறுவனங்களுக்குப் படம் அனுப்பினால் இலவசமாகவே உத்தேச விலை சொல்வார்கள். விற்றால் அவர்களுடைய கமிஷனையும் கழித்துக்கொள்ள வேண்டும். லாங்கின்ஸ், பட்டேக் பிலிப் போன்ற கம்பெனிகளோ, எண்ணைக் கொடுத்தால் பழைய பதிவேட்டைப் பார்த்துத் தகவல் தருகின்றன.

பின்மூடியில் 'இத்தனை வருட சேவைக்காக' என்று தாத்தா பெயர் பொறித்திருந்தால், சந்தையில் விலை சற்றுக் குறையலாம். அதற்காக அழிக்கச் சொல்லாதீங்க. அழித்தால் தங்கமும் தேயும், பெயரும் போகும். அந்தப் பெயரையும், மிஷின் எண்ணையும், முத்திரைகளையும் படம் எடுத்து, வாட்ச் வெளிக் கைக்குப் போகும் முன்பே குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டுவிடுங்கள்.