துடுப்பும் திருப்புளியும்

கல்லடி வாவியில் நிறைமதி இரவில் மீன் பாடும் என்பர். யாழ்நூல் தந்த விபுலாநந்த அடிகள் அவ்வொலியை நீரரமகளிர் இசையெனப் பாடினார். தோணியிலிருந்து துடுப்பை நீரில் ஊன்றி, மேல்முனையிற் செவி வைத்துக் கேட்பது இங்குள்ளோர் வழக்கம்.

அவ்விசை கேட்க மருமகனின் அதிவேகக் காரிற் சென்றேன். பாலத்தருகே எஞ்சின் ‘டக், டக்’ என்றது.

“நிறுத்தும், மருமகன்!”

“எண்ணெய் விளக்கு எரியவில்லையே, மாமா.”

அவ்விளக்கு அழுத்தத்தைக் காட்டுவது, அளவையன்று. அளவுகோலை இழுத்துப் பார்த்தோம்; நுனிகூட நனையவில்லை.

மெக்கானிக் வந்து எண்ணெய் வார்த்தார். எஞ்சினை இயக்கி, நீண்ட திருப்புளியை அதன்மேல் ஊன்றிச் செவி வைத்தார்.

“ஒலி மேலே, வால்வுப் பக்கம், அடங்கிவிட்டது. அடியிலே, சுழல்தண்டிற் கேட்டிருந்தால் எஞ்சின் போயிருக்கும்” என்றார்.

செவியும் ஒரு பொறியே. அது விழித்திருந்தமையால் மற்றைப் பொறி பிழைத்தது.